அருங்கொடைகள் யாருக்காக? – ஒரு வரலாற்றுப் பார்வை

ஜூபிலி ஆண்டு, ஆண்டவர் செய்த நன்மைகளை எண்ணிப் பார்க்கும் ஆண்டு. கோயில் கட்டிய கதையும் பங்குத் தந்தையரின் வரிசையும் ஜூபிலி மலரில் இடம் பெறுவது முறையே. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமா திருச்சபையைக் கட்டின? பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்கு அளித்த வரங்களே அதைக் கட்டின. அவை எதற்காகத் தரப்பட்டன என்பதை வரலாற்றின் வழியே சற்று நோக்குவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஞானம், புத்தி, ஆலோசனை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று உறுதிபூசுதலுக்கு முன் நாம் கற்கும் ஏழு கொடைகள், பெற்றவரையே அர்ச்சிப்பவை. அருங்கொடைகளோ பிறருக்காகத் தரப்படுபவை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவுபடுத்தினார். ஒரு வகை அருள் மனிதனை இறைவனோடு இணைக்கிறது. மற்றொரு வகை, ஒருவன் வழியாக மற்றவனை இறைவனிடம் சேர்க்கிறது. ஆகவே அருங்கொடை பெற்றதனாலேயே ஒருவர் புனிதர் ஆகிவிடுவதில்லை.

இதைப் பற்றிய முதல் பெரும் பூசல் எழுந்த இடம் கொரிந்து நகரம். அந்நகர் நம் ஓசூரை நினைவூட்டுவது. உரோமையர் கி.மு. 146இல் அதை அழித்தனர். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் குடியேற்றினார். இரு துறைமுகங்கள், பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்த மக்கள், பல மொழிகள். புனித சின்னப்பர் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கி, அக்கில்லா பிரிசில்லா தம்பதியருடன் கூடாரத் தொழில் செய்துகொண்டே போதித்தார். அவர் சென்ற பின், பரவசப் பேச்சு பேசியவர்கள் தங்களை உயர்ந்தவர்களாகக் கருதினர்; மற்றவர்கள் மனம் சோர்ந்தனர். ஏறத்தாழ கி.பி. 55இல் எபேசிலிருந்து சின்னப்பர் எழுதிய திருமுகம் இப்பூசலைத் தீர்க்க முயன்றது. வரங்களை அடக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தினார். உடலின் உறுப்புகளைக் காட்டி, பலவீனமாகத் தோன்றுவதே அதிகம் தேவைப்படுகிறது என்றார். 12ஆம் அதிகாரத்தில் அவர் தரும் பட்டியலில் உதவி செய்யும் வரமும் நிர்வகிக்கும் வரமும் உண்டு. பரவசப் பேச்சு கடைசியில் நிற்கிறது. 13ஆம் அதிகாரம் முழுவதும் அன்பைப் பற்றியே பேசுகிறது.

நம் பகுதிக்கு வருவோம். 1606இல் மதுரை வந்த இராபர்ட் தே நொபிலி சுவாமி, 1623இல் சேந்தமங்கலம், சேலம் வரை நடந்து வந்து வேதம் போதித்தார். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபைக் குரு லெயோனார்தோ சின்னாமி மைசூர் நாட்டில் கன்னடம் கற்றுப் பணி தொடங்கினார். இவ்விரு மிஷன்களுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதி நம்முடையது. இவர்களுக்கு மொழி, பரவசத்தில் வந்த வரமன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றது. ஆயினும் அது பிறருக்காகச் செலவிடப்பட்டதால் வரமே ஆயிற்று.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776இல் பாரிஸ் வேதபோதக சபையினர் புதுவையில் பொறுப்பேற்றனர். குருக்கள் மிகச் சிலரே. அத்தகைய காலங்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்து, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்து, சாவுக்கு முன் நின்று விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசிமாரும் வீட்டுத் தாய்மாருமே. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டு துபுவா சுவாமி ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று, சிதறிய கிறிஸ்தவர்களைத் திரட்டினார். அவர் உழவுக் குடியிருப்புகளை அமைத்தார். பெரியம்மைக்குத் தடுப்பூசி போடுவதைப் பரப்பினார். குணமாக்கும் வரம் என்றால் இதுவும் அதுதானே!

1930இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997இல் தர்மபுரி மறைமாவட்டமும் உருவாயின. இதற்கிடையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நம் பொருள் பற்றியே விவாதம் மூண்டது. 1963 அக்டோபரில் கர்தினால் ருஃபீனி, அருங்கொடைகள் ஆதித் திருச்சபையில் மிகுந்திருந்தன, இன்று அரியவை என்றார். கர்தினால் சூனன்ஸ் மறுத்தார்: அவை எல்லா விசுவாசிகளுக்கும் உரியவை என்பது அவர் கருத்து. 1964 நவம்பர் 21இல் வெளியான திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, 12ஆம் எண்ணில் இக்கருத்தையே ஏற்றது. அவற்றைச் சோதித்தறியும் பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உண்டு. அணைத்துவிடும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றும் அது உணர்த்தியது.

1967இல் அமெரிக்காவில் தோன்றிய அருங்கொடை இயக்கம் 1972இல் பம்பாயில் வேரூன்றி நாடெங்கும் பரவியது. பலர் ஜெபத்தின் சுவையையும் வேதாகம வாசிப்பையும் கண்டடைந்தனர். அதே வேளையில் கொரிந்தின் பழைய கேள்வியும் திரும்பி வந்தது. ஜெபக் கூட்டத்தில் கை தட்டுவோர் மட்டும்தான் ஆவியானவரைப் பெற்றவர்களா? பீடத்தின் முன் மௌனமாக ஜெபமாலை சொல்லும் பாட்டி பெறாதவரா?

ஓசூரில் 1970கள் முதல் சிப்காட் தொழிற்சாலைகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஏற்கெனவே ஒரே தெருவில் ஒலித்த ஊர் இது. இங்கே ஒரே பீடத்தைச் சுற்றி நிற்பது எளிதன்று. இரவு ஷிப்டு முடிந்து உறங்காமல் திருப்பலிக்கு வந்து பாடுபவர், புதிதாகக் குடியேறிய குடும்பத்தைத் தேடிச் சென்று விசாரிப்பவர், இரு மொழி பேசும் அண்டை வீட்டாரிடையே சமாதானம் செய்து வைப்பவர், பங்கின் கணக்கைக் கறையின்றி எழுதுபவர், நோயாளி அருகே சும்மா அமர்ந்திருப்பவர்: இவர்கள் எல்லாரும் அருங்கொடை பெற்றவர்களே.

எனவே எனக்கு என்ன வரம் உண்டு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. என்னால் யார் கட்டியெழுப்பப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டும். வரத்தைச் சோதிக்கச் சின்னப்பர் தந்த உரைகல் அதுவே. வரம் இல்லாதவர் என்று இப்பங்கில் ஒருவரும் இல்லை. மண்ணில் புதைத்து வைத்தவர்கள் இருக்கலாம்; அவர்கள் தோண்டி எடுப்பதற்கு ஜூபிலியை விட நல்ல வேளை ஏது?