டிரிஸ்டன் டா குன்ஹா: பாய்மரக் கப்பல்களின் இடைத்தங்கல்

தென் அட்லாண்டிக்கில், ஏறத்தாழ 37 பாகை தெற்கு அகலாங்கில் உள்ள எரிமலைத் தீவு டிரிஸ்டன் டா குன்ஹா. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. 250க்கும் குறைவானவர்களே ஒரே ஊரில் வாழ்கிறார்கள். மக்கள் நிலையாக வாழும் அடுத்த இடமான செயின்ட் ஹெலினா 2,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது, கேப் டவுன் 2,800 கி.மீ. விமான நிலையம் கிடையாது. கப்பலிலோ படகிலோ வருபவர்களும் கடல் இடம் கொடுத்தால்தான் கரையேற முடியும். தீவுக்குப் பெயர் தந்த போர்த்துகீசிய மாலுமியே 1506இல் இதைக் கண்டும் கொந்தளிப்பால் இறங்க முடியாமல் போனவர்.

பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகவில்லை. எதிர்க்காற்றைத் தவிர்க்க பிரேசில் பக்கமாக இறங்கி, தெற்கே வலுவான மேல்காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பின. அந்த வளைவுக்கு அருகில் இந்தத் தீவு இருந்ததால் மாலுமிகளுக்கு நன்னீரும் புதிய உணவும் கிடைத்தன. 1816இல் பிரிட்டன் இங்கே காவற்படை வைத்தது. மறு ஆண்டு படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற வீரர் குடும்பத்தோடு தங்கிவிட்டார். கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள், திமிங்கில வேட்டைக்கு வந்தவர்கள், 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்த பெண்கள் என்று கடலில் வந்தவர்களாலேயே ஊர் உருவானது.

தொடுவானில் பாய் தெரிந்தால் தீவினர் படகுகளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் கொடுத்து மாவு, துணி, தேயிலை வாங்குவார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது; நீராவிக் கப்பல்களும் பெருகின. இந்த வழியில் வரும் கப்பல்கள் குறைய, ஒவ்வொரு கப்பலும் உயிர்நாடியாயிற்று. 1885 நவம்பரில் வெஸ்ட் ரைடிங் என்ற கப்பலை எட்டிப்பிடிக்கப் படகில் சென்ற 15 ஆண்கள் திரும்பவே இல்லை. நூறு பேர் அளவே இருந்த ஊர், உழைக்கும் ஆண்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் இழந்தது. இந்தத் தீவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய துயரம் இல்லை என்றே சொல்லலாம்.

1961 எரிமலைச் சீற்றத்தில் மக்கள் அனைவரும் இங்கிலாந்துக்கு வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் 1963இல் திரும்பினர். படகு ஏற்றும் கடற்கரையை எரிமலைக் குழம்பு மூடிவிட்டதால் கால்ஷாட் என்ற சிறுதுறை கட்டப்பட்டது. அது சிறு படகுகளுக்கே போதும். உலகைச் சுற்றும் பாய்மரப் படகுகள் ஊருக்கு எதிரே திறந்த கடலில்தான் நங்கூரமிடுகின்றன. காற்று திசை மாறினால் உடனே பாய் விரித்து விலக வேண்டியிருப்பதால், எல்லோரும் ஒன்றாகக் கரையேறுவது ஆபத்து. இத்தனை தூரம் வந்தும் தீவைப் பார்த்தபடியே கடந்துபோனவர்கள் உண்டு.

இறங்குவதற்கு முன்அனுமதி வேண்டும். ஆடை, காலணிகளில் விதையோ பூச்சியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இதைத் தொல்லையாக நினைக்கக் கூடாது. 1882இல் தரைதட்டிய ஒரு கப்பலிலிருந்துதான் எலிகள் இங்கே புகுந்து பயிரை அழித்தன. அருகிலுள்ள நைட்டிங்கேல், இன்அக்சசிபிள் தீவுகளில் இன்னும் எலி இல்லை. பறக்க இயலாத பறவைகளில் உலகிலேயே மிகச் சிறிய இனம் பின்னதில் மட்டுமே வாழ்கிறது. 2011 மார்ச்சில் ஒலிவா என்ற சரக்குக் கப்பல் நைட்டிங்கேலில் மோதி உடைந்தபோது, எண்ணெய் படிந்த பென்குவின்களைத் தீவினர் மீட்டுவந்து கழுவினார்கள். எலி இறங்கிவிட்டதா என்று கண்காணிக்கப் பொறிகளும் வைக்கப்பட்டன.