உலகம் வைத்த பெயரும் கடவுள் கண்ட நம்பிக்கையும்



ஆப்பிரிக்க மக்களைக் குறிக்கத் தமிழில் 'காப்பிலி' என்றொரு பழைய சொல் உண்டு. 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அதன் பொருள், 'நம்பிக்கை இல்லாதவர்'. ஆனால் திருவிவிலியம் இம்மக்களை எப்படிக் காட்டுகிறது?

இறைவாக்கினர் எரேமியாவைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கியபோது, எருசலேம் முழுவதும் வாய்மூடி இருந்தது. அரசன் சிதேக்கியாவிடம் துணிந்து முறையிட்டவர் எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர். கயிறு அறுத்துவிடாதபடி அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தல் துணிகளையும் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். அந்த மனிதர் தம்மை நம்பியதால் அவருடைய உயிரைக் காப்பதாக ஆண்டவர் வாக்களித்தார் (எரே 39:18).

நம் ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சீமோன், இன்றைய லிபியாவிலுள்ள சிரேன் ஊரார். எசாயாவின் நூலை வாசித்தபடி தேரில் சென்ற எத்தியோப்பிய நிதியமைச்சர், வழியில் தண்ணீரைக் கண்டதும் திருமுழுக்குக் கேட்டார். பவுல் மறைபரப்புப் பணிக்குப் புறப்பட்டது அந்தியோக்கியாத் திருச்சபையிலிருந்து. அதன் போதகர்களில் ஒருவர் 'நீகர்', அதாவது கருப்பர், எனப்பட்ட சிமியோன். இன்னொருவர் சிரேன் ஊரான் லூக்கியு (திப 13:1). நற்செய்தி நம்மை வந்தடைந்த பாதையில் இவர்களின் காலடியும் உண்டு.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதற்கொரு சாட்சி உண்டு. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் அங்கே கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் புத்தளம் பகுதியில் வாழ்கிறார்கள். மூதாதையரின் மொழியை ஏறக்குறைய இழந்துவிட்டார்கள். பாட்டையும் தாளத்தையும் காத்துவருகிறார்கள். 'நம்பிக்கை இல்லாதவர்' என்று பெயர் சூட்டப்பட்ட இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்!

அன்பர்களே, நாமும் மனிதருக்குப் பெயர் வைக்கிறோம். ஊர் என்கிறோம், காலனி என்கிறோம். பெண் பார்க்கும்போது நிறம் பார்க்கிறோம். 2008 மார்ச்சில் நம் உயர்மறைமாவட்டத்து எறையூரில், ஒரே பலிபீடத்தைச் சேர்ந்தவர்கள் சாதியால் பிரிந்து மோதினார்கள். துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்தவரை எந்தத் தெரு வழியாகக் கோவிலுக்குக் கொண்டுவருவது என்பதும் அந்தப் பிணக்கில் ஒன்று. திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை போகிறது, கல்லறையில் சுவர் உண்டா என்று நம் பங்கிலும் கேட்டுப் பார்ப்போம்.

மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்ததற்காக மிரியாம் குறைபேசினாள். கடவுள் கண்டித்தது மிரியாமைத்தான் (எண் 12). தள்ளிவைக்கப்பட்டவரும் அவளே.

செபிப்போம்: ஆண்டவரே, பிறர்மீது நாங்கள் ஒட்டிய பெயர்களை அழித்தருளும். சேற்றில் கிடப்பவருக்குக் கயிற்றோடு கந்தலையும் கொண்டுசெல்லும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.