கோணியும் அட்டைப்பெட்டியும்: நெகிழும் பொதிகலத்தின் வரலாறு

ஹைதராபாத்தின் கொத்தப்பேட்டைப் பழச்சந்தை நகருக்கு வெளியே மாற்றப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஆய்வு நிமித்தமாக நான் அங்குச் சென்றுவந்ததுண்டு. இமாச்சல ஆப்பிள் வந்திறங்கும் பருவத்தில் ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. அடுக்கப்பட்டிருந்த அட்டைப்பெட்டிகளின் அடிப்பரப்பு ஒன்றாகவே இருந்தது; உயரம் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறுபட்டது. அடிப்பெட்டி ஒன்று, அதன்மேல் உறைபோல இறங்கும் மேற்பெட்டி ஒன்று என இரு பகுதிகளால் ஆனது அது. உள்ளே பழ அடுக்கு கூடக்கூட மேற்பெட்டி உயர்ந்துகொண்டே போகும். வணிகர்கள் இதனை ‘டெலஸ்கோப்பிக்’ பெட்டி என்பர்.

பொருளின் அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பொதிகலத்தை உருவாக்குவது இன்றைய பொதிவடிவமைப்பாளர்களின் முதன்மை இலக்குகளுள் ஒன்று. காகிதமும் நெகிழியும் மிச்சமாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இந்த இலக்கு புதியதன்று. தக்காணத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு ஓர் எச்சரிக்கையையும் உள்ளடக்கியுள்ளது.

17ஆம் நூற்றாண்டில் வைரம் வாங்கப் பலமுறை கோல்கொண்டாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அரிசியும் தானியமும் உப்பும் சுமந்து 10,000, 12,000 எனச் செல்லும் பொதிமாட்டுக் கூட்டங்களைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அவை பஞ்சாராக்களின், அதாவது லம்பாடிகளின், தாண்டாக்கள். ஒரு மாட்டின் சுமை 300 முதல் 350 லீவ்ர், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 150 கிலோ, என்பது அவர் தரும் அளவு. அச்சுமையைத் தாங்கியது மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கும் இரட்டைக் கோணி. ‘கோணி’ என்ற இச்சொல்லின் உறவே ஆங்கிலத்தின் ‘கன்னி’.

தமிழ் மாணவர்க்கு இக்காட்சி அயலானதன்று. இருபுறமும் சமன்செய்த மிளகுப்பொதியைச் சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அப்பொதிக்கு அது காட்டும் உவமை பலாப்பழம். உள்ளிருக்கும் பொருளே பொதிக்கு வடிவம் தருகிறது என்பதை அவ்வுவமை புலப்படுத்துகிறது.

கோணியின் சிறப்பு இதுவே. பாதி நிரப்பினால் கழுத்தை இறக்கிக் கட்டலாம். வெறுமையானால் மடித்து வைக்கலாம். வெற்றிடம் என்ற சிக்கலே அங்கு எழுவதில்லை. ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கோணி உள்ளிருப்பதைக் காக்காது. தானியத்துக்கு அது பொருட்டன்று. கண்ணாடிக்கும் பழத்துக்கும் பொருட்டு.

1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாமின் இருப்புப்பாதை வந்தது. இருப்புப்பாதைகள் பரவப் பரவத் தாண்டாக்களின் தொழில் சரிந்தது. சரக்கு இப்போது விலங்கின் முதுகைவிட்டு, சுவர்களையுடைய வண்டிக்குள் அடுக்கப்படலாயிற்று. அடுக்குதற்கு நேர்க்கோடு வேண்டும். மேலுள்ள பாரத்தைத் தாங்கும் சுவர் வேண்டும். முதலில் மரப்பெட்டியும் பின்னர் நெளியட்டைப் பெட்டியும் அத்தேவையை நிறைவேற்றின. நெளிதாளுக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டபோது அதன் பயன் தொப்பிக்கு உள்வரியாவது மட்டுமே. 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதனைப் பொதிதலுக்குக் கொண்டுவந்தார்.

பெட்டி வந்ததும் வெற்றிடம் வந்தது. எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட வழக்கமான மடிப்புப் பெட்டிக்கு ஏறத்தாழ 8,400 சதுர செ.மீ. அட்டை வேண்டும். உயரத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு பாதியாகும். அட்டையோ 6,300 ஆக, கால்பங்குதான் குறையும். பெரிய பெட்டியையே மடிப்புக்கோட்டில் வெட்டித் தாழ்த்தினால் அந்தக் கால்பங்கும் மிஞ்சாது. மிஞ்சுவது உள்ளே திணிக்கும் நிரப்பியும் லாரியின் இடமும். 5,000 கன செ.மீ. ஒரு கிலோவுக்குச் சமம் எனக் கொள்ளும் கூரியர் கணக்கில், முதற்பெட்டி எடையின்றியே 7.2 கிலோ, தாழ்த்தியது 3.6 கிலோ. மேலும், கிடைமடிப்புகள் கூடக்கூடச் சுவரின் தாங்குதிறன் குறையும். டெலஸ்கோப்பிக் பெட்டியிலோ இரு பகுதிகளும் ஒன்றன்மீதொன்று படிவதால் சுவர் இரட்டிப்பாகிறது. அங்கு நெகிழ்வு கூடுதல் அட்டையால் வாங்கப்படுகிறது. கோணிக்கு இயல்பாகவே வாய்த்த நெகிழ்வைப் பெட்டி விலைகொடுத்தே பெறுகிறது.

அந்த விலை அட்டையோடு முடிவதில்லை என்பதை இமாச்சலம் காட்டுகிறது. காட்டு மரங்களைக் காக்கும் நோக்குடன் 1980களில் அங்கு ஆப்பிளுக்கு அட்டைப்பெட்டி ஊக்குவிக்கப்பட்டது. நெகிழும் பெட்டி பரவியபோது மண்டியில் ஏலம் எடைக்கு அன்றி, பெட்டிக்கே நடந்தது. உயரமான பெட்டியை வாங்குவோர் விரும்பினர். 20 கிலோ அளவில் இருக்க வேண்டிய பெட்டியில் 30 கிலோவையும் தாண்டிப் பழம் நிரப்பப்பட்டது. கூடுதல் அடுக்குக்குரிய விலை உழவர்க்குக் கிட்டவில்லை. நிரப்ப மறுத்தவருக்கு ஏலத்தில் இடமில்லை. நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2023இல் மாநில அரசு எடைக்கு விற்பதையும் பெட்டிக்கு 24 கிலோ உச்சவரம்பையும் கட்டாயமாக்கியது. 2024இல் உயரம் மாறாத ‘யுனிவர்சல்’ பெட்டியைக் கட்டாயமாக்கியது. உழவர் கேட்டது நெகிழாத பெட்டி என்பது கருதத்தக்கது.

இங்குக் கோணியோடு ஓர் ஒப்பீடு தேவை. பஞ்சாராக்களின் கோணியும் நெகிழ்ந்தது. ஆனால் அதன் உச்சவரம்பு மாட்டின் முதுகு. வரம்பை மீறினால் இழப்பு மாட்டுக்குரியவருக்கே. பல இடங்களில் தானியத்தை வாங்கியவரும் சுமந்தவரும் விற்றவரும் அவர்களே. அட்டைப்பெட்டியில் நிரப்புபவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர். நெகிழ்வின் பயன் ஒருபக்கமும் அதன் சுமை மறுபக்கமும் சென்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025ஆம் ஆண்டுப் பொதிகல ஒழுங்குமுறை, இணையவணிகப் பொதிகளில் வெற்றிடம் 2030 முதல் பாதிக்குமேல் இருத்தலாகாது என்கிறது. இத்தகைய விதிகள் நெகிழும் பெட்டியை எங்கும் கொண்டுவரும். அதில் மகிழ்ச்சியே. எனினும் பொதிவடிவமைப்புப் பாடத்தில் ‘எவ்வளவு அட்டை மிஞ்சும்?’ என்ற வினாவோடு, ‘அளவுகோல் யார் கையில்?’ என்ற வினாவும் இடம்பெற வேண்டும். தராசு தனியே நிற்கும் சந்தையில் மட்டுமே நெகிழும் பெட்டி அறமுடையதாகும்.

பொதிதல் தொழிலிலோ மண்டி வணிகத்திலோ அனுபவமுள்ள நண்பர்கள், மாணவர்கள் தங்கள் பகுதியின் பொதிகலப் பெயர்களையும் அளவு வழக்குகளையும் இங்குப் பதிவுசெய்தால் ஆய்வுக்குப் பெருந்துணையாகும்.