‘ஓவியர் தெரியவில்லை’ என்பது யாருடைய தீர்ப்பு?

சிறிய ஓவியம் ஒன்று மதிப்பீட்டுக்கு வருகிறது என்று கொள்வோம். சாணக்கரைசல் பூசி உலர்த்திய தாள். அதில் யானைமேல் ராஜா சல்ஹேஷ்; சுற்றிலும் வரிசை வரிசையாக வட்டங்களும் புள்ளிகளும். கையெழுத்து இல்லை. ‘மதுபனி, ஓவியர் தெரியவில்லை’ என்று எழுதி விலை குறித்துவிடலாம். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க நமக்கு மனமில்லை.

பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் வீட்டுச் சுவர்களில் வரைந்துவந்த ஓவியங்களை, 1934 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் கண்டார், 1949இல் ‘மார்க்’ இதழில் எழுதினார். 1960களின் வறட்சிக் காலத்தில், பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்ணியை அனுப்பித் தாளில் வரையச் செய்தது. அந்தத் தாள் முதலில் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்களின் கைக்கே போயிற்று. பெயரும் அவர்களுக்கே வந்தது. ஜகதம்பா தேவிக்கு 1975இலும், சீதா தேவிக்கு 1981இலும், கங்கா தேவிக்கு 1984இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களின் திறமையில் நமக்கு ஐயமில்லை. தாள் போன வழியைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

தலித் பெண்கள் 1970களில் தாளுக்கு வந்தார்கள். ஜெர்மன் மானுடவியலாளர் எரிகா மோசர் அவர்களை ஊக்குவித்தார். ஜித்வார்பூரைச் சேர்ந்த, துசாத் சமூகத்துச் சானோ தேவி, உடலில் பச்சைகுத்தும் உருவங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தார். பச்சைகுத்தலைக் குறிக்கும் ‘கோத்னா’ என்ற சொல்லே அப்பாணிக்குப் பெயராயிற்று. சாணம் பூசிய தாளைத் தொடங்கிவைத்தவர் சமார் சமூகத்து ஜமுனா தேவி என்பர். துசாத் மக்கள் தம் வீரனாகவும் தெய்வமாகவும் போற்றும் சல்ஹேஷின் கதை இவ்வோவியங்களில் இடம்பிடித்தது.

ஆகவே கையெழுத்து இல்லாத ஓவியத்திலும் சாட்சி உண்டு. பொருள், கோடு, தாள் மூன்றும் பேசும். ஆனால் அவற்றை அளவுக்கு மீறிப் பேசவைக்கவும் கூடாது. சாணப்பூச்சைப் பிற்காலத்தில் பல சாதியினரும் கைக்கொண்டார்கள். பாணி சாதிச் சான்றிதழ் அல்ல. ஆதாரமில்லாமல் ‘சானோ தேவி வரைந்தது’ என்று எழுதினால் விலை ஏறும். உண்மையில் வரைந்த பெண் இரண்டாம் முறையும் அழிக்கப்படுவார். ‘கோத்னா பாணி, மதுபனி வட்டாரம், 1970களுக்குப் பின்’ என்பதே நேர்மையான குறிப்பு. பிறகு, எந்த ஊரில், யாரிடம், எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். கையெழுத்துள்ள ஓவியங்களோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சேரியின் மூத்த பெண்களை வல்லுநர்களாக மதித்துக் கேட்க வேண்டும்.

கோத்னா ஓவியர்களான சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் இணையர் பத்மஸ்ரீ பெற்றது 2024இல். ஜகதம்பா தேவி பெற்று 49 ஆண்டுகள் கழித்து. அத்தனை காலமும் வரைந்த கைகள் இருந்தன; பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கைதான் அரிதாக இருந்தது. மாணவத் தோழர்களே, அந்த வேலை நம்முடையது.