இழுப்பறையில் காத்திருந்த எலும்புகள்

டைனோசார் என்றதும் மாணவர்களாகிய உங்கள் உள்ளத்தில் மலைபோன்ற ஓர் உருவம் எழும். ஆங்கில அறிஞர் ரிச்சர்டு ஓவன் 1842-ஆம் ஆண்டில் அக்குலத்திற்குப் பெயர் சூட்டினார். அவற்றின் பேருருவைப் பற்றியும் அழிவைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று சொல்ல விரும்புவது தொடக்கத்தைப் பற்றி. அவற்றின் முன்னோர் எத்தகைய விலங்குகள்?

ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஊர்வனவற்றுள் ஒரு பெருங்குலம் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையின் இன்றைய வாரிசு முதலை. மற்றதன் வாரிசு பறவை. டைனோசார்கள் பறவைக் கிளையைச் சேர்ந்தவை. கிளைகளைப் பிரித்தறிய அறிஞர்கள் பெரிதும் நம்பியது கணுக்காலை. முதலையின் கணுக்காலில் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன. பறவையிலும் டைனோசாரிலும் அவ்விரண்டும் காலோடு ஒட்டி நிற்கப் பாதம் கதவுக் கீல்போல் முன்னும் பின்னும் அசைகிறது.

அர்ஜென்டினாவில் இஸ்சிகுவாலாஸ்டோ என்னுமிடத்தில் ஏறத்தாழ 23 கோடி ஆண்டுப் பழமையுள்ள டைனோசார்கள் கிடைத்தன. ஹெரெராசாரஸும் இயோராப்டரும் இரு காலால் நடந்தவை. ஆகவே அவற்றின் முன்னோரும் சிறிய உடலும் கீல்போன்ற கணுக்காலும் உடையனவாய் விரைந்தோடியிருக்கும் என்று பலர் எண்ணினர். எண்ணம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சான்று வேண்டுமல்லவா?

அச்சான்றின் ஒரு பகுதி முன்னரே மனிதர் கைக்கு வந்திருந்தது! அன்று தாங்கனிக்கா என்றும் இன்று தான்சானியா என்றும் வழங்கும் நாட்டில், ருகூகு ஆற்றுப் பகுதியில், பாரிங்டன் என்னும் அறிஞர் 1933-இல் சில எலும்புகளை அகழ்ந்தெடுத்தார். ஆலன் சாரிக் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜில் அவற்றை ஆராய்ந்து 1956-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். 'டெலியோகிரேட்டர்' என்று பெயரும் இட்டார். இடுப்பெலும்பின் குழி மூடியிருந்தமையால் 'முழுக்கிண்ணம்' என்னும் பொருள்படும் பெயர் அது. ஆயினும் அவ்வெலும்புகளிடையே கணுக்கால் இல்லை. அவர் அப்பெயரை முறைப்படி வெளியிடாமலே 1997-இல் மறைந்தார். எலும்புகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன.

2015-இல் ஓர் ஆய்வுக்குழு பழைய இடத்தின் அருகிலேயே அதே விலங்கின் எலும்புகளை மேலும் கண்டெடுத்தது. இம்முறை கணுக்கால் எலும்பும் கிடைத்தது! தொடையெலும்பில் தசை பற்றிய தழும்பும் மண்டையோட்டின் பள்ளமும் அது பறவைக் கிளையினது என்று காட்டின. கணுக்காலோ முதலையினுடையதைப் போன்றிருந்தது! நீண்ட கழுத்தும் இரண்டு முதல் மூன்று மீட்டர் நீளமும் கொண்டு, நான்கு காலால் நடந்து, ஊனுண்டு வாழ்ந்த விலங்கு அது. டைனோசார்களின் நேர் மூதாதை அன்று. அவை தோன்றுமுன்பே பிரிந்த ஓர் உறவினம். எனினும் பறவைக் கிளையின் தொடக்கத்தில் முதலைக் கணுக்காலே இருந்ததென்பதும், கீல்போன்ற கணுக்கால் பின்னர் தோன்றியதென்பதும் அதனால் புலனாயின.

இதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. தெலங்கானாவின் எர்ரபள்ளிப் பாறைகளிற் கிடைத்து, 2005-இல் 'யாரசூக்கஸ்' எனப் பெயர் பெற்ற விலங்கை முதலைக் கிளையினது என்றே முதலில் கொண்டனர். டெலியோகிரேட்டரோடு ஒப்பிட்டபோது அது அதன் நெருங்கிய உறவென்று தெரிந்தது. கண்டங்கள் ஒன்றாயிருந்த அக்காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் கோதாவரிப் பகுதிக்கும் இடையே கடல் இல்லை.

இம்முடிவுகள் 2017-இல் வெளியாயின. கட்டுரை ஆசிரியர்களுள் ஒருவராக, மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்த சாரிக்கின் பெயரும் அச்சாயிற்று. அவர் இட்ட பெயரே அவ்விலங்கின் பெயராக நிலைத்தது. ஒருவர் தொடங்கியதை அவரறியாத பிறர் முடித்து, உரிய பெருமையை அவருக்கே அளித்தனர். அறிவியலில் நான் பெரிதும் மதிக்கும் பண்பு இது.