சினத்தாற் சிதைந்த நீதி

சினத்தைக் கடியாத அறநூல் இல்லை. திருவள்ளுவர் அதனை ஈரிடத்தில் வைத்துப் பேசுகின்றார். துறவறவியலில் வெகுளாமை என ஓர் அதிகாரம் வகுத்தவர், பொருட்பாலில் அரசனுக்கு உரியனவற்றைக் கூறுமிடத்தும், குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில், அவன் தன்னிடத்து நின்றும் நீக்கவேண்டிய குற்றங்களுள் ஒன்றாகச் சினத்தை எண்ணுகின்றார். துறவிக்கு ஆகாதெனக் கூறியதை வேந்தனுக்கும் ஆகாதென மீண்டும் எடுத்துக் கூறியதன் காரணம் யாது? எளியவன் ஒருவனது சினம் அவன் கையெட்டும் அளவில் நின்றுவிடும். வேந்தன் சினத்துக்கோ பல கைகள் உள. அவன் வாயினின்றும் ஒரு சொல் வெளிப்பட்ட அளவில், அதனைச் செயலாக்கப் பிறர் எழுந்துவிடுவர். அவன் சினம் தணிந்த பின்னரும் அவர்தம் கைகள் தணிவதில்லை. இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் வரலாற்றினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது.

ஹென்றி 1154 ஆம் ஆண்டில் முடி சூடியபோது அவனுக்கு வயது 21. அவனுக்கு முன் ஆண்ட ஸ்ரீபன் மன்னன் காலத்தில் உள்நாட்டுப் போரினால் நாடு பெரிதும் சீரழிந்திருந்தது. பிரபுக்கள் தத்தம் கோட்டைகளிலிருந்து கொண்டு தாமே அரசராய் நடந்தனர். ஹென்றி முறையின்றி எழுந்த கோட்டைகளை இடிப்பித்தான். ஊர்தோறுஞ் சென்று வழக்குக் கேட்கும் நீதிபதிகளை அனுப்பினான். குற்றவாளிகளெனக் கருதப்படுவோரை அவ்வவ்வூரார் பன்னிருவர் சத்தியஞ்செய்து அறிவிக்கும் முறையை 1166 ஆம் ஆண்டில் நிலைபெறச் செய்தான். ஆங்கிலேயர் பிற்காலத்திற் பல தேயங்களுக்குங் கொண்டுசென்ற பொதுச் சட்டத்துக்கும் யூரி முறைக்கும் அவன் காலத்திலேயே உறுதியான அடிப்படை இடப்பட்டது. ஸ்கொத்லாந்தின் எல்லை தொடக்கம் பிரனீஸ் மலைவரை பரந்த ஆட்சி அவனுடையது. அறிவும் ஊக்கமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற அம்மன்னனிடத்தில் ஒரு குறை இருந்தது. அது கட்டுக்கடங்காச் சினம்.

1166 ஆம் ஆண்டைச் சேர்ந்த கடிதமொன்று, அவன் சினங்கொண்ட காட்சியைக் கூறுகின்றது. ஸ்கொத்லாந்து மன்னனுக்குச் சார்பாக அமைச்சர் ஒருவர் ஏதோ கூறிவிட்டார். ஹென்றி தொப்பியை வீசி எறிந்தான், இடைக்கச்சையை அவிழ்த்தான், மேலாடைகளைக் களைந்து தூர வீசினான், மஞ்சத்தின் மீதிருந்த பட்டு விரிப்பை இழுத்தெறிந்துவிட்டு அதன் கீழ்க் கிடந்த வைக்கோலை வாயிலிட்டு மென்றான். இக்கடிதம் மன்னனுக்கு மாறான தரப்பினரிடையே எழுந்ததாதலின் ஓரளவு மிகைபட்டிருத்தலும் கூடும். எனினும் அவன் சினத்தைப் பற்றி அக்காலத்தார் பலரும் ஒருமுகமாகவே கூறுகின்றனர்.

இத்தகைய மன்னனுக்கு உயிர்த்தோழராய் வாய்த்தவர் தோமஸ் பெக்கெற். இலண்டன் வணிகர் ஒருவரின் மைந்தரான அவர், மன்னனினும் பத்தாண்டுக்கு மேல் மூத்தவர். அவரை ஹென்றி அரசின் முத்திரை காக்கும் முதலமைச்சராக்கினான். இருவரும் ஒன்றாகவே வேட்டையாடினர், ஒன்றாகவே உண்டனர். குளிர்காலத்தில் ஒருநாள் இலண்டன் வீதியில் குதிரைமீது செல்லுங்கால், எதிர்ப்பட்ட இரவலன் ஒருவனுக்கு ஈதற்பொருட்டுப் பெக்கெற்றின் விலையுயர்ந்த போர்வையை மன்னன் பற்றியிழுக்க, அவர் விடாது பிடிக்க, இருவரும் குதிரையினின்று விழுமளவுக்கு இழுபறி நிகழ்ந்ததென அவர் வரலாறெழுதிய ஒருவர் கூறுவர். ஈற்றில் போர்வை இரவலனுக்கே ஆயிற்று. அஃது அன்பினால் நிகழ்ந்த இழுபறி.

1162 ஆம் ஆண்டில் ஹென்றி தன் நண்பரைக் கன்ரபரி அதிமேற்றிராணியாராக உயர்த்தினான். திருச்சபையும் தன் கைக்குள் அமையும் என்பது அவன் கருத்து. ஆனால் பெக்கெற் முதலமைச்சர் பதவியைத் துறந்து, திருச்சபையின் உரிமைகளைக் காப்பதில் முனைந்து நின்றார். நட்பு முறிந்தது.

பிணக்குக்குரிய பொருள்களுள் தலையாயது குற்றம் புரிந்த குருமாரைத் தண்டித்தல் பற்றியது. அக்காலத்திற் குருமார் எனப்பட்டோர் பூசை நிகழ்த்துவோர் மட்டும் அல்லர்; கோயில் வாயில்காப்போர், வாசகர் முதலிய சிறு பட்டத்தினரும் அவ்வகுப்பினரே. எழுத்தறிந்தோரிற் பெரும்பாலோர் அவர்களாகவே இருந்தனர். இக்காலத்தில் நம்மிடையே வழங்கும் கிளாக்கர் என்னுஞ் சொல்லும் அவர்களைக் குறித்த சொல்லினின்று பிறந்ததே. அவர்களுள் ஒருவன் கொலையே புரிந்தாலும் அவனைத் திருச்சபை நீதிமன்றமே விசாரிக்கும். அம்மன்றம் உயிர்த்தண்டனை விதிப்பதில்லை. பட்டத்தைப் பறிப்பதே அதன் கடுந்தண்டனை. இதனால் ஒரே குற்றத்துக்கு ஒருவன் தூக்கிலிடப்படவும், மற்றொருவன் பட்டத்தை மட்டும் இழந்து உயிர்தப்பவும் நேர்ந்தது.

1164 ஆம் ஆண்டு தை மாதத்தில் கிளரெண்டன் என்னுமிடத்திற் கூடிய பேரவையில் ஹென்றி 16 விதிகளை முன்வைத்தான். அவற்றுள் ஒன்று, திருச்சபை மன்றத்திற் குற்றவாளியெனக் காணப்பட்ட குருவைத் திருச்சபை மேலுங் காத்தல் கூடாது என்பது. ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டித்தல் அறமாகாது எனப் பெக்கெற் வாதித்தார். அவர் கூற்றிலும் பொருளில்லாமலில்லை. ஆயினும் நாட்டிலுள்ளார் யாவரும் ஒரே சட்டத்துக்கு அமைதல் வேண்டும் என்னும் மன்னனது நோக்கே காலப்போக்கில் உலகம் ஏற்றுக்கொண்டது. மேற்றிராணிமாரிலும் பலர் பெக்கெற்றின் பிடிவாதத்தை விரும்பவில்லை. பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தரோ உரோமாபுரியில் நிலைகொள்ள இயலாது, ஹென்றியின் ஆதரவை இழக்க அஞ்சியிருந்தார். பொறுமையொன்று இருந்திருப்பின் மன்னன் தன் கருத்தை முற்றுவித்திருத்தல் கூடும்.

ஆனால் அவன் வழக்கை விடுத்து மனிதரைத் துரத்தலானான். அவ்வாண்டு ஐப்பசியில் நோதாம்ரனிற் கூடிய அவையில், முதலமைச்சராயிருந்த காலத்துக் கணக்குகள் யாவற்றையும் ஒப்புவிக்குமாறு திடீரெனப் பெக்கெற்றைப் பணித்தான். அவர் இரவோடிரவாக வெளியேறிப் பிரான்சுக்குத் தப்பினார். மன்னன் சினம் அவர் சுற்றத்தார்மீது பாய்ந்தது. குற்றமறியாத உறவினரும் ஏவலரும் நாடுகடத்தப்பட்டனர். பெக்கெற்றுக்கு அதுவரை இல்லாத இரக்கத்தை ஐரோப்பாவிலே தேடிக்கொடுத்தவன் ஹென்றியே.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1169 ஆம் ஆண்டில் பாரிசுக்கு அணித்தான மொன்மார்த்தரில் இணக்கப் பேச்சு நிகழ்ந்தது. பெரும்பாலான பொருள்களில் உடன்பாடு காணப்பட்டது. அக்கால வழக்கப்படி இணக்கத்துக்கு அடையாளமாகச் சமாதான முத்தம் அளிக்குமாறு பெக்கெற் வேண்டினார். ஒருகாற் சினத்தில், அம்முத்தத்தை அவருக்கு ஒருபோதும் அளிப்பதில்லையெனப் பலர் முன் ஆணையிட்டுவிட்டதாகவும், அவ்வாணையை மீறுதல் இயலாதெனவும் மன்னன் மறுத்தான். என்றோ சினந்து சொன்ன சொல், சினந்தவனையே பிணித்துவிட்டது. பேச்சு முறிந்தது.

அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் ஹென்றி தன் மூத்த மைந்தனுக்கு யோர்க் அதிமேற்றிராணியாரைக் கொண்டு முடிசூட்டுவித்தான். முடிசூட்டும் உரிமை கன்ரபரிக்குரியது. இத்தவற்றினால் நேரக்கூடிய இடரை அஞ்சி, ஆடி மாதத்திலே பெக்கெற்றுடன் சமாதானஞ் செய்துகொண்டான். முத்தம் மட்டும் அப்பொழுதும் அளிக்கப்படவில்லை. மார்கழித் தொடக்கத்திற் பெக்கெற் தாயகம் மீண்டார். அவரும் சாந்தமே உருவானவர் அல்லர். முடிசூட்டு விழாவிற் பங்குகொண்ட யோர்க் அதிமேற்றிராணியாரையும், இலண்டன், சோல்ஸ்பரி மேற்றிராணிமாரையும் தண்டிக்கும் பாப்பரசரின் ஓலைகளைக் கடல்கடக்கு முன்னரே அனுப்பியிருந்தார். தண்டனைக்குள்ளான மூவரும் நோர்மண்டியிலிருந்த மன்னனிடம் முறையிடச் சென்றனர்.

நத்தார் விழாவை ஒட்டிய நாட்கள். பேயூ நகருக்கு அணித்தான அரச மாளிகையில் பிரபுக்கள் குழுமியிருந்தனர். முறையீட்டைக் கேட்ட ஹென்றியின் சினம் எல்லை கடந்தது. அப்போது அவன் கூறிய சொற்கள் பலவாறாக வழங்குகின்றன. தொல்லைதரும் இக்குருவை ஒழிப்பார் இல்லையோ என்னும் கருத்தமைய இன்று யாவரும் அறிந்த வடிவம் பிற்காலத்தது. அவர் காலத்தை அடுத்து எழுதியோர் கூற்றின் சாரம் வேறு: தன் சோற்றையுண்டு வளர்ந்தோர், இழிகுலத்துக் குருவொருவன் தம் தலைவனை இகழக் கண்டும் வாளாவிருக்கின்றனரே என அவன் நொந்து ஏசினான் என்பதே. கொல்லுக என்னும் ஏவல் அதில் இல்லை. ஆனால் ஏவலினும் கொடியதொன்று அதில் இருந்தது. கேட்டு நின்ற ஒவ்வொருவனது மானத்தையும் அது தொட்டது. இன்னது செய்க என வரையறுக்காது விட்டமையால் எதனையும் செய்யலாமென இடமளித்தது.

ரெஜினால்ட் பிற்சேர்ஸ், ஹியூ டி மோர்வில், வில்லியம் டி திரேசி, றிச்சட் லெ பிறெத்தன் என்னும் வீரர் நால்வர் எவருக்கும் சொல்லாது புறப்பட்டுக் கடல் கடந்தனர். சினம் சிறிது தணிந்து, நிகழ்வதை உணர்ந்த மன்னன் பின்னே ஆளனுப்பினான். சென்றவர் அவர்களை எட்டவில்லை. சொல் முன்னே சென்றுவிட்டது.

1170 மார்கழி 29 ஆம் நாள் மாலை. நால்வரும் முதலிற் படைக்கலமின்றி அதிமேற்றிராணியாரின் அறையிற் புகுந்து வாதிட்டனர். இருபுறத்தும் சொல் தடித்தது. வெளியேறியவர் கவசமணிந்து மீண்டனர். துறவிகள் பெக்கெற்றைத் தேவாலயத்துள் அழைத்துச் சென்று கதவடைக்க முயன்றனர். கடவுளின் இல்லத்தைக் கோட்டையாக்குதல் தகாதென அவர் தடுத்துவிட்டார். வீரர் அவரை வெளியே இழுத்துச் செல்ல முயன்றனர். அவர் எதிர்த்து நின்றார். முன்னொருநாள் இலண்டன் வீதியில் அவர் போர்வையைப் பற்றியிழுத்தது நண்பனின் கை. இன்று பற்றியிழுத்தவை அந்நண்பனின் சினம் அனுப்பிய கைகள். வாள்கள் உயர்ந்தன. காக்க முன்வந்த எட்வேட் கிறிம் என்பார் கையில் வெட்டுண்டார். மாலை வழிபாட்டு வேளையில், ஆலயத் தளத்திலே, பெக்கெற் உயிர்நீத்தார்.

செய்தியறிந்த ஹென்றி மூன்று நாள் உணவின்றி அறையினுள் அடைபட்டுக் கிடந்தான். துயர் மெய்யானதே, ஆயினும் அது காலங்கடந்தது. அதுவரை பிடிவாதக்காரர் எனப்பட்டவர் ஒரே நாளில் மறைச்சாட்சியானார். 1173 ஆம் ஆண்டிற் பாப்பரசர் அவரைப் புனிதரெனப் பிரகடனஞ் செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் அவ்ராஞ்சு நகரில் மன்னன், தான் கொலையை ஏவவுமில்லை, விரும்பவுமில்லை எனச் சத்தியஞ் செய்தான்; தன் சினமொழி அதற்கு ஏதுவாயிருத்தல் கூடுமென்பதையும் ஒப்புக்கொண்டான். உரோமாபுரிக்கு முறையீடு செய்வதைத் தடுப்பதில்லையென்றும், எருசலேமைக் காக்க 200 வீரருக்கு ஓராண்டுச் செலவு கொடுப்பதாகவும் உறுதி கூறினான். 1173 ஆம் ஆண்டில் அவன் மைந்தரும் மனைவி எலியனோரும் கலகத்தில் எழுந்தனர். கலகத்துக்கு வேறு காரணங்களும் உளவேனும், புனிதரின் குருதி படிந்தவன் என்னும் பழி பகைவருக்குப் படைக்கலமாயிற்று. 1174 ஆடி 12 ஆம் நாள், ஐரோப்பாவின் வலிமைமிக்க மன்னருள் ஒருவன் கன்ரபரி வீதியில் வெறுங்காலுடன் நடந்து, நண்பரின் கல்லறை முன் வீழ்ந்து, மேற்றிராணிமாரும் துறவிகளும் முதுகில் அடிக்க ஏற்றுக்கொண்டு, இரவெல்லாம் அங்கேயே கிடந்தான்.

மன்னன் அனைத்தையும் இழந்தான் எனல் பொருந்தாது. அரசின் நீதிமுறை தொடர்ந்து வளர்ந்தது. திருச்சபையோடு பிணங்கிய பிற பொருள்களிலும் அவன் பலவற்றைத் தன் வழியே நடத்திக்கொண்டான். ஆனால் எப்பொருளுக்காக முதன்மையாகப் போரிட்டானோ அப்பொருளில் முற்றாகத் தோற்றான். 1176 ஆம் ஆண்டில், காட்டுச் சட்டங்களை மீறுதல் முதலிய சில தவிர்ந்த குற்றங்களுக்காகக் குருமாரை அரச மன்றத்தில் விசாரிப்பதில்லையென அவனே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. கொலைஞர் நால்வரும் அரச சட்டத்தினால் தண்டிக்கப்படாது, திருச்சபை விதித்த கழுவாயோடு தப்பினர்.

இதன் விளைவு அவன் காலத்தோடு ஒழியவில்லை. நாளடைவில், வாசிக்கத் தெரிந்தவன் எவனும் குருவெனக் கருதப்பட்டுத் தூக்குத்தண்டனையினின்று தப்பும் நிலை ஏற்பட்டது. ஐம்பத்தோராஞ் சங்கீதத்தின் முதலடியை மன்றத்தில் வாசித்துக் காட்டுதலே சோதனையாயிற்று. அதனைக் கழுத்துக் காக்கும் அடி என மக்கள் எள்ளி நகையாடினர். நாடகாசிரியர் பென் யோன்சன், 1598 ஆம் ஆண்டில் நடிகர் ஒருவரை வாட்போரிற் கொன்றபோது, இச்சலுகையினாலேயே பெருவிரலிற் சூட்டுக்குறியோடு உயிர் தப்பினார். வாசிக்க அறியாத ஏழை தூக்குமேடை ஏறினான். இச்சலுகை இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டது 1827 ஆம் ஆண்டிலேயே. யாவர்க்கும் ஒரே சட்டம் என்று 1164 ஆம் ஆண்டில் ஹென்றி நாடியது, அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் தாழ்த்தது. அத்தாழ்வுக்குப் பிற காரணங்களும் உள. எனினும் அம்முறையைத் திருத்த வந்த மன்னனே அதனை உறுதிப்படுத்த நேர்ந்தது, அவன் சினமொழி சிந்துவித்த குருதியினாலேயாம்.

அநீதியான பொருளுக்காகச் சினந்து கெட்டோர் வரலாறு எளிதில் விளங்குவது. ஹென்றியின் வரலாறு நம்மை நின்று நோக்கச் செய்வது, அவன் பக்கத்தில் நியாயம் இருந்தமையாலேயாம். தன் பக்கத்தில் நியாயமுண்டு என்னும் உணர்வே சினத்துக்கு உரிமைச்சீட்டு எனக் கருதுவோர் பலர். சினம் எழுந்த பின்னர் உலகம் நோக்குவது நியாயத்தை அன்று, சிந்திய குருதியையே. தலைமை தாங்குவோர், அவர் நாட்டை ஆள்வோராயினும் வீட்டை ஆள்வோராயினும், தம் சினத்தைக் கேட்டு நிற்பவர் யாவர் என்பதை எண்ணுதல் கடன். ஏவாத ஏவலையும் நிறைவேற்றுவோர் எக்காலத்தும் உளர்.