தோணி: குடைந்த மரம் முதல் கடல் கடந்த கப்பல் வரை

கடலே எட்டிப் பார்க்காத எங்கள் விழுப்புரம் பக்கத்து அனந்தபுரத்திலும் தோணி என்றால் என்ன என்று கேட்பவர் கிடையாது. ஆற்றிலோ கழியிலோ ஓடும் சிறு படகு என்று சொல்வார்கள். தூத்துக்குடிக்காரரிடம் அதையே கேட்டுப் பாருங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலத்தைக் காட்டுவார். ஒரே சொல் இத்தனை சிறிய பொருளையும் இத்தனை பெரிய பொருளையும் எப்படிச் சுமக்கிறது?

முதலில் பழைய சான்று. புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் முசிறித் துறையைக் காட்டுகிறார். கடல் கடந்து வந்த கலம் கொண்டுவந்த பொன், கழியில் ஓடும் தோணியில் ஏறிக் கரைக்கு வருகிறது. அங்கே கலம் வேறு, தோணி வேறு. ஆழ்கடலுக்குக் கலம்; ஆழமில்லாத கழிக்குத் தோணி. சொல்லின் தொடக்கம் சிறுமையில்தான்.

அதன் வேரைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. தொள், தோண்டு என்னும் வினைகளோடு சேர்த்து, தோண்டப்பட்டது தோணி என்று கொள்வது ஒன்று. வடமொழியின் ‘த்ரோணி’யிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. த்ரோணி என்பது மரத் தொட்டி. வால்மீகி இராமாயணத்தில் பரதன் வந்து சேரும்வரை தசரதனின் உடலை எண்ணெய் நிறைந்த த்ரோணியில்தான் இட்டு வைக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் நாம் போய் நிற்பது ஒரே பொருளிடம்: நடுவே குடைந்தெடுத்த ஒரு மரம். கன்னடத்திலும் துளுவிலும் தோணி, மலையாளத்திலும் தோணி. தென்னாட்டு நீர்க்கரைகள் முழுவதும் இந்தச் சொல் பரவிக் கிடக்கிறது.

குடைந்த மரத்துக்கு ஓர் எல்லை உண்டு. மரத்தின் பருமன்தான் படகின் அகலம். அதைத் தாண்ட வேண்டுமானால், குடைந்த அடிமரத்தின் இரு விளிம்பிலும் பலகை ஏற்ற வேண்டும். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ தோணியை இந்த நடுநிலையில் பிடித்துக் காட்டுகிறது. கீழ்ப்பகுதியாவது ஒரே மரத்தால் ஆனது என்பது அதன் விளக்கம். அடுத்த படியில் அந்த அடிமரமும் ஒடுங்கி, கலத்தின் முதுகெலும்பாகி ‘ஏரா’ என்று பெயர் பெறுகிறது. அதன்மேல் விலா எலும்புகளாக ‘வங்கு’கள் நிற்கின்றன. வங்குகளைப் பலகை போர்த்துகிறது. குடைவது போய்க் கூட்டிக் கட்டுவது வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வில் ‘யாழ்ப்பாணத் தோணி’ என்று குறிப்பது இப்படி வளர்ந்த கடற்கலத்தைத்தான்.

அந்த யாழ்ப்பாணக் கரையில், வல்வெட்டித்துறையில், 1930இல் கட்டப்பட்டது ‘அன்னபூரணி’. ஊரார் அதைக் கப்பல் என்றே சொன்னார்கள். இரண்டு பாய்மரம், சுமார் 89 அடி நீளம், 19 அடி அகலம். சிறு படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை கப்பல் தலைவரான தண்டையலாக நிற்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர் வழியாக ஓட்டிச் சென்றனர். 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையில் நங்கூரம் இட்டனர்.

குளோஸ்டர் இன்னொரு சொல்லின் பிறப்பிடமாகப் பேசப்படும் ஊர். 1713இல் ஆண்ட்ரூ ராபின்சன் என்பவர் அங்கே ஒரு கலத்தை நீரில் இறக்கியபோது, அது வழுக்கிச் சென்ற அழகைக் கண்டு ஒருவர் “பார், எப்படி ஸ்கூன் செய்கிறது!” என்றாராம். அதிலிருந்து ‘ஸ்கூனர்’ பிறந்ததாம். ஆனால் அத்தகைய பாயமைப்பு 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களிலேயே இருக்கிறது. அதனால் பொருளுக்கு அந்த ஊர் தாய்வீடு அல்ல; பெயருக்கு மட்டுமே அது உரிமை கோரலாம். ஸ்கூனரின் பாய்கள் கலத்தின் நெடுக்குவாட்டில் நிற்பவை. அன்னபூரணி அதற்கு மிக நெருங்கிய உறவான பிரிகண்டைன்: பின் பாய்மரத்தில் நெடுக்குப் பாய், முன் பாய்மரத்தில் ‘பருமல்’ என்னும் குறுக்குக் கழிகளில் கட்டிய சதுரப் பாய்கள்.

இந்தக் கலத்தை மரத்தில் சிறு மாதிரியாகச் செய்பவர், தோணி என்ற சொல் கடந்து வந்த பாதை முழுவதையும் தம் கையாலேயே கடந்துவிடலாம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்தால் நீளம் இருபத்திரண்டேகால் அங்குலம், அகலம் நாலேமுக்கால் அங்குலம். எளிய வழி, ஒரே கட்டையைச் செதுக்குவது. எங்கள் பக்கத்தில் தட்டில்லாமல் கிடைக்கும் வேம்பில் தொடங்கலாம். ஆனால் வேம்பின் இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும். ஒரு விரற்கடை தூரம் உளி வெண்ணெயில் போவதுபோல் போகும். அடுத்த விரற்கடையில் இழை எதிர்த்துச் செதில் பெயர்ந்து வரும். அங்கே உளியைத் திருப்பி மறுமுனையிலிருந்து வர வேண்டும். வெளிவடிவம் அமைந்ததும் உள்ளே குடைகிறோம். கையில் இருப்பது பரணர் காலத்துத் தோணி.

கடினமான வழி, ஏராவை நிறுத்தி, வங்குகளை ஒவ்வொன்றாக நட்டு, மெல்லிய பலகைகளை நனைத்து வளைத்து ஒட்டுவது. மூங்கில் சிம்புகளே ஆணிகள். நடுவில் நேராகப் படியும் பலகை, முன்பக்கமான ‘அணியம்’ நெருங்கும்போது முறுக்கிக்கொண்டு விலகும். அந்த இடத்தில் பலகையின் நுனியைச் சிறுத்துக்கொண்டே போனால்தான் அது வங்கோடு ஒட்டும். பின்பக்கமான ‘அமர’த்திலும் அதே வேலைதான். பெரிய கப்பலில் ‘ஓடாவிகள்’ என்னும் கப்பல் தச்சர்கள் கண்ணளவாலும் கையளவாலும் தீர்த்த கணக்கு இது. அதன்பின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்துத் திணித்து நீர் புகாமல் அடைப்பது ‘கலப்பற்று’. மாதிரிக்கு அது தேவைப்படாது. கடலில் போகும் கலத்துக்கு அதுதான் உயிர்.

கலத்தோடு சேர்ந்த வேறு சில சொற்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சுக்கான் அரபியிலிருந்து வந்தது. மாலுமியும் அங்கிருந்தே, ‘முஅல்லிம்’தான் மாலுமியானது. தலைமைக் கொத்தரையும் தச்சரையும் குறிக்கும் மேஸ்திரி போர்ச்சுகீசியர் தந்தது. போன சொற்களும் உண்டு. தண்டையல் ஆங்கிலத்தில் ‘டிண்டல்’ ஆனார். புன்னை ‘பூன்’ என்று பெயர் பெற்று ஆங்கிலேயக் கப்பல்களின் பாய்மரமாக நின்றது. மாலத்தீவின் படகுக்கு இன்றும் ‘தோனி’ என்றே பெயர். ஒரு கலத்தின் உறுப்புப் பெயர்களைப் படித்தாலே அது எந்தெந்தத் துறைகளில் நின்றது என்று தெரிந்துவிடுகிறது.

தமிழ்க் கரைகளில் பாய் இறங்கி இயந்திரம் ஏறிவிட்டது. சிறு படகுகளில் மரம் போய் ஃபைபர் வந்துவிட்டது. பாய்மரம் இல்லாத படகில் பருமலுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத சொல்லை வாய் விட்டுவிடும். ஜோ டி குரூஸ் ‘கொற்கை’ நாவலில் தூத்துக்குடித் தோணித் தொழிலின் பேச்சை எழுத்தில் ஏற்றியது இதனால்தான் பெரிய காரியம். நாவல் சொல்லைக் காக்கும். அந்தச் சொல் சுட்டும் வளைவையும் பொருத்தையும் கண்முன் நிறுத்த மாதிரி வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளின் கண்காட்சிகளில் எரிமலையும் காற்றாலையும் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஓர் அன்னபூரணியும் நிற்கட்டும். ஏரா, வங்கு, அணியம், அமரம், பருமல் என்று ஒவ்வோர் உறுப்பின் மீதும் பிள்ளைகளே பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டட்டும். எழுதும்போது ஒவ்வோர் உறுப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். தொட்டறிந்த சொல் எளிதில் மறப்பதில்லை.